செங்கம்மாள் அவரிடம் மட்டும் சொன்னது

செங்கம்மாளுக்கு ஜெபம் பண்ணக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். ஒரு காலத்தில் இதை நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதற்குக் காரணம் வேறு. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் தப்பிக்க எத்தனையோ வழி பார்த்துவிட்டேன், நடக்கவில்லை.

டில்லி ஆர்.கே.புரத்தில் எனக்கு ஒரு அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இருந்தது. நான் மத்திய அரசில் ஸ்டெனோ. ஊர் பாளையங்கோட்டைப் பக்கம், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேர் ஞானசெல்வம். பேரில் இருக்கிற இரண்டுமே என்னிடம் இருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

செங்கம்மாள் எழுபத்தெட்டாம் வருஷம் என்னிடம் வேலைக்கு வந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. பதினேழு வயதில் புருஷன் பெரியண்ணனோடு டில்லிக்கு ரயில் ஏறி, கட்டட வேலையில் செங்கல் சுமந்து, முதுகு போனபிறகு வீட்டு வேலைக்கு வந்தவள். எங்கள் செக்டாருக்குப் பின்னால் ஓடிய நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் கரையில் மதராசிக் குடிசைகள் ஒரு ஐம்பது அறுபது இருந்தன. அதில் ஒன்று அவளுடையது. பிறந்த மூன்று பிள்ளைகளில் இரண்டு தங்கவில்லை. மிஞ்சியது பவுனு என்கிற ஒரு பெண். எமர்ஜென்சியில் குடிசைகளை இடித்தபோது, பெரியண்ணன் எங்கோ ஒரு கட்டடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டியிருந்த பலகைக் கதவும் இடிபாட்டோடு போயிற்று. மறுபடி நாலு தகரத்தை நட்டுக் குடிசை போட்டுக்கொண்டார்கள். கதவுக்குப் பதிலாகக் கோதுமைச் சாக்கு தொங்கியது.

ஆள் ஒல்லி. கை மட்டும் நீளம். டிசம்பர் குளிரில் யாரோ ஒரு ஆபீசர் பெண்டாட்டி கொடுத்த ஆம்பளை ஸ்வெட்டரைப் போட்டு, பித்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்திக்கொண்டு வருவாள். காய்கறி விற்கிற சப்ஜிக்காரனோடு இந்தியில் சண்டை போடுவாள். அந்த இந்தியில் வசவுகள் மட்டும்தான் இந்தி, மற்றதெல்லாம் தமிழ். ‘நீங்க’ என்ற சொல் அவள் வாயில் வராது. எனக்கும் நீதான், மூன்றாம் நம்பர் வீட்டு அண்டர் செக்ரெட்டரிக்கும் நீதான். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பாத்திரம் பளபளவென்று இருந்ததால் சகித்துக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு வந்து கதவைத் தட்டுவாள். அந்த நேரத்தில் நான் பைபிளை மூடிவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதி ஜெபத்தில் எழுந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு மறுபடி வந்து கண்ணை மூடுவேன். ஒருநாள் விளக்குமாறும் கையுமாக என் எதிரில் வந்து குந்தினாள்.

“யாருகிட்டக்கா பேசிக்கிட்டிருக்க?”

“ஆண்டவர்கிட்ட.”

“எந்தூரு ஆண்டவரு?”

சொன்னேன். அவருக்கு என்ன செய்ய வேண்டும், கோழியா ஆடா என்று கேட்டாள்.

“ஒண்ணும் வேண்டாம்ட்டி. பொங்கல் வேண்டாம், தீ மிதிக்க வேண்டாம். மனசுல உள்ளதைத் தொறந்து பேசினாப் போதும்.”

“ஒண்ணுமே வாங்கிக்காதவரு எப்படிக்கா வேலை செய்வாரு? ரேசன் கடைக்காரனே சும்மா செய்ய மாட்டான்.”

இந்த இடத்தில் நான் விளக்குமாற்றைக் கீழே வைக்கச் சொல்லி அவளுக்குப் பாடம் எடுத்தேன். என்னிடம் டிக்டேஷன் கொடுக்கிறவர்கள்தான் அதிகம், கேட்கிறவர்கள் யாரும் இல்லை. ஆகவே உற்சாகமாகவே எடுத்தேன். அவரை ஒரு அப்பா என்று நினைத்துக்கொள், அப்பாவிடம் பேசுகிற மாதிரிப் பேசு என்றேன். எங்கப்பன் மாதிரியா என்று முகத்தைச் சுளித்தாள். நல்ல அப்பா மாதிரி என்றேன். எழுதிவைத்ததை ஒப்பிக்கக் கூடாது, வாயில் வருகிறபடி சொல்ல வேண்டும். செய்த தப்பைச் சொல்ல வேண்டும், செய்ய நினைத்ததையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாகச் சொல்ல வேண்டும். நாலு பேர் பார்க்க ஜெபிக்கிறவனுக்கு அந்த நாலு பேர் பார்த்ததே கூலி, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அவரிடம் சொல்வது அவரோடு இருக்கும், வெளியே போகாது என்று முடித்தேன்.

“வெளிய போவாதா?”

“போகாது.”

“சத்தியமா?”

“சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது. ஆனா போகாது.”

அதற்குப்பிறகு இரண்டு மூன்று நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தன் குடிசையில் கதவு இல்லை என்று சொன்னாள். சாக்குக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் ஆறு குடும்பம் எழுந்து உட்காரும். உன் வீட்டு ஸ்டோரைப் பத்து நிமிஷம் தருவாயா என்று கேட்டாள்.

ஸ்டோர் என்பது ரஜாய்ப் போர்வையும் டிரங்குப் பெட்டியும் ரேஷன் அரிசியும் கிடக்கிற ஒரு இருட்டு மூலை. குவார்ட்டர்ஸ் கட்டிய கான்ட்ராக்டர் என்ன நினைப்பில் இருந்தானோ, அதற்குத் தாழ்ப்பாளை உள்பக்கமாக அடித்துவைத்திருந்தான். அரிசி மூட்டை தன்னை உள்ளே பூட்டிக்கொள்ளும் என்று எண்ணியிருப்பான் போல. அன்று முதல் செங்கம்மாள் தினமும் என் பாத்திரங்களைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் அதற்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம் சனிக்கிழமை சாயந்திரங்களில் மிசஸ் பாக்கியமுத்து வீட்டில் கூடும். அவர் ஒரு டெபுடி செக்ரெட்டரியின் மனைவி. வீடு பெரியது, சோபாவும் பெரியது. அந்த வாரமே அங்கே, என் வீட்டில் ஒரு ஆத்துமா தொடப்பட்டிருக்கிறது என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அந்தக் கதவில் நான் காது வைத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. ஸ்டோரில் சர்க்கரை டப்பா இருந்தது. அது குறைகிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம். ஆத்துமா தொடப்பட்டிருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதானே. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரிப் போய்ப் பலகைக் கதவில் காதை ஒட்டினேன். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன்.

“யப்பா, நாந்தான் செங்கம்மா வந்திருக்கேன். மூணாம் நம்பரு வூட்டுல இன்னிக்குப் பாலைக் கொட்டிட்டேன். பூனை கொட்டிச்சுன்னு சொன்னேன். அந்தம்மா நம்பிருச்சு. நீ நம்பியிருக்க மாட்ட. இங்க சக்கரை டப்பா தொறந்தே கெடக்குது. நான் தொடல. ஆனா நெனச்சேன். நெனச்சதையும் சொல்லணும்னு அக்கா சொல்லிச்சு, அதான் சொல்றேன்.”

வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டவள் நகர்ந்திருக்க வேண்டும். நான் நகரவில்லை, கடைசிவரை கேட்டேன். மறுநாளும் கேட்டேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சர்க்கரையைச் சுத்தமாக மறந்துபோனேன்.

உண்மையைச் சொல்கிறேன். என் ஜெபம் அப்போது உலர்ந்துபோயிருந்தது. சர்வ வல்லமையும் கிருபையும் பொருந்திய என்று தொடங்கினால் ஆமென் வரைக்கும் ஆபீஸ் கடிதம் மாதிரி தானாக ஓடும், நடுவில் நான் இருக்க மாட்டேன். செங்கம்மாளோ அவரை உட்காரவைத்துப் பேசினாள். வெயில் காலத்தில் “மழையை ஜல்தி அனுப்பு, தகரத்துக்குக் கீழ வெந்து சாவறோம்” என்று அதட்டினாள். செத்துப்போன இரண்டு பிள்ளைகளையும் பேர் சொல்லி விசாரித்தாள். அங்கே அவர்களுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டாள். நான் கதவுக்கு வெளியே நின்று அழுதிருக்கிறேன்.

அழுததோடு விடவில்லை, திருடவும் செய்தேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் என் முறை வந்தபோது, “ஆண்டவரே, செய்ததை மட்டுமல்ல, நினைத்ததையும் சொல்ல வந்திருக்கிறேன்” என்று நிறுத்தி நிதானமாக ஜெபித்தேன். மிசஸ் பாக்கியமுத்து மூக்கைச் சிந்தினார். மிஸ் ஞானசெல்வத்தின் ஜெபத்தில் இப்போதெல்லாம் ஒரு ஆழம் இருக்கிறது என்று பேச்சு கிளம்பிற்று. வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையை மென்றுகொண்டே வந்தேன்.

ஒருநாள் அவள் என்னைப் பற்றியும் பேசினாள்.

“இந்த அக்கா தனியாக் கெடக்குது. சாயந்திரம் வந்து கதவைச் சாத்திக்கிட்டா, காலையில நான் வந்து தட்டற வரைக்கும் ஒரு மனுச மொகம் கெடையாது. வாய்தான் நீளம், மனசு பாவம். அதுக்கு ஒரு தொணை குடுப்பா.”

பத்துப் பாத்திரம் தேய்க்கிறவள் எனக்காகப் பரிதாபப்படுகிறாள்! காதெல்லாம் சூடாகிவிட்டது. வெளியே வந்தவளிடம் குக்கர் அடியில் கறை இருப்பதாகக் கத்தினேன். கறை இல்லை. அன்றைக்கு அவளுக்கு டீயும் கொடுக்கவில்லை. அவள் குக்கரை மறுபடி தேய்த்துவைத்துவிட்டுப் போனாள்.

எழுபத்தொன்பது டிசம்பரில், வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. நாலாப் படியில் விழுந்துவிட்டேன் என்று என்னிடம் சொன்னாள். ஸ்டோருக்குள் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னாள்.

பவுனுவுக்கு அப்போது பதினான்கு வயது. பெரியண்ணன் அவளை ஜம்பு என்கிற மேஸ்திரிக்குப் பேசி முடித்திருந்தான். ஜம்புவுக்கு நாற்பது வயது. முதல் பெண்டாட்டி கெரசினில் எரிந்து செத்திருந்தாள், எப்படி எரிந்தாள் என்று குடிசைகளில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். பெரியண்ணனுக்கு வேலை கொடுக்கிறவன் அவன்தான். தை மாசத்தில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் இது நடக்காவிட்டால் ஜம்பு ஊருக்குப் போய், புருஷனை இழந்த தன் அத்தை மகளைக் கட்டிக்கொள்வதாக இருந்தான், அவளும் சம்மதித்துக் காத்திருந்தாள். ஆகவே தை ஒன்றைக் கடத்திவிட்டால் போதும். செங்கம்மாள் பெண்ணைக் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டு, எங்கோ ஓடிப்போய்விட்டாள் என்று புருஷனிடம் சாதித்தாள். அவன் நம்பவில்லை.

“யப்பா, பவுனு பத்திரமா இருக்குது. புசா ரோட்டுல, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால சந்து, அனந்தலக்ஷ்மி டீச்சரு வூட்டு மாடி. டீச்சரம்மா இங்க குடியிருந்தப்ப நான்தான் வேலை செஞ்சேன், நல்ல மனசு. எடம் எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், இப்ப ஒனக்குத் தெரியும். வேற ஒரு உசுருக்குத் தெரியாது. அவன் வெரலை முறிச்சான், நான் சொல்லல. இன்னும் எட்டு வெரலு இருக்குது, சொல்ல மாட்டேன். தை முடியிற வரைக்கும் மறைச்சு வச்சுக்க. ஒன் முதுகுக்குப் பின்னால வச்சுக்க. அது போதும் எனக்கு.”

அன்று முதல் தினமும் இதே ஜெபம்தான். தினமும் தெரு, சந்து, மாடி என்று விலாசத்தை ஒழுங்காகச் சொல்லுவாள். அவர் மறந்துபோய் வேறு வீட்டைக் காவல் காத்துவிடக் கூடாது என்ற கவலை. விரல் முறித்தும் பெரியண்ணனுக்குக் கிடைக்காத விலாசம் ஒரு அரை அங்குலப் பலகை வழியாக எனக்குக் கிடைத்தது. நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். பொங்கல் வந்தது, போனது. “யப்பா, பாதி தாண்டிருச்சு” என்று ஒருநாள் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் கட்சிதான் நானும். அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

எங்கள் ஜெபக்கூட்டத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்ததும் வட்டமாகச் சுற்றி ஒவ்வொருத்தரும் ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள். யாருக்கு என்ன கஷ்டம், எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வது. நல்ல வழக்கம்தான். ஆனால் யார் குறிப்பு பெரியது என்று ஒரு போட்டி அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தருக்குக் கணவரின் பித்தப்பைக் கல், ஒருத்தருக்கு மகனின் ஐ.ஐ.டி. பரீட்சை, மிசஸ் பாக்கியமுத்துவுக்கு மருமகளின் குடும்பத்தில் யாரோ ஒருத்தி புருஷன் அல்லாத ஒருவனோடு பழகுவது. அதைச் சொல்லும்போது குரல் தாழும், எல்லாத் தலையும் முன்னால் வரும். எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, பித்தப்பையும் நன்றாக இருந்தது. என் முறை வந்தால் “ஆபீஸில் சமாதானம் வேண்டும்” என்பேன். அதற்குள் அடுத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.

எண்பதாம் வருஷம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை. தை முடியப் பத்து நாள் இருந்தது. என் முறை வந்தபோது நான் குரலைத் தாழ்த்தினேன்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு ஏழைப் பிள்ளை, பதினாலு வயசு. தகப்பனே அவளை ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுக்கப் பாக்கான். தாய்க்காரி ஒளிச்சு வச்சிருக்கா. அவளுக்காக ஜெபிக்கணும்.”

எல்லாத் தலையும் முன்னால் வந்தது. அந்த இரண்டு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது சொன்னால் நாக்கு கூசுகிறது. உங்கள் வீட்டு வேலைக்காரியா என்று ஒருத்தர் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

“பிள்ளை பேர் சொல்லுங்க, எங்க இருக்கான்னு சொல்லுங்க மிஸ் ஞானசெல்வம். ஆண்டவர்கிட்ட மொட்டையா ஜெபிக்கக் கூடாது, குறிப்பா ஜெபிக்கணும்” என்றார் மிசஸ் பாக்கியமுத்து.

அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் பழக்கமான போதனைதான். நானும் குறிப்பாகச் சொன்னேன். பவுனு என்று சொன்னேன். புசா ரோடு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சந்து, டீச்சர் வீட்டு மாடி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஷார்ட்ஹேண்டில் எடுத்து டைப் அடித்துக் கொடுத்த மாதிரி ஒரு பிழை இல்லை.

அப்போது எங்கள் நடுவில் டீத் தட்டோடு கோவிந்தம்மாள் குனிந்துகொண்டிருந்தாள். அவள் மிசஸ் பாக்கியமுத்து வீட்டு வேலைக்காரி. செங்கம்மாள் குடிசைக்கு நாலு குடிசை தள்ளி இருக்கிறவள் என்பது எனக்குத் தெரியும், காலையில் இருவரும் ஒன்றாக வருவதைப் பார்த்திருக்கிறேன். ஜம்புவின் தங்கை என்பது மட்டும் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாய் அடைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். டீ கொண்டுவருகிறவளுக்குக் காது உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பலகைக் கதவில் காதை வைத்து மாசக்கணக்காக நின்றவளுக்குத் தோன்றவில்லை.

“சக்கரை போதுமா?” என்று என்னைக் கேட்டாள். போதும் என்றேன். பவுனுவுக்காக அரைமணி நேரம் ஜெபித்தோம். அன்று என் ஜெபம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை செங்கம்மாள் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தாள். வந்து, பாத்திரத்தை எல்லாம் குழாயடியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். என்னவென்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியண்ணனும் ஜம்புவும் இன்னும் இரண்டு பேரும் பஸ் பிடித்து நேராக அந்தச் சந்துக்குப் போயிருக்கிறார்கள். யாரையும் வழி கேட்கவில்லை. டீச்சர் மாடிப்படியில் குறுக்கே நின்றிருக்கிறார், அவரைத் தள்ளிவிட்டதில் இடுப்பில் அடி. பவுனு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தாளாம். தலைமுடியைப் பிடித்துக் கீழே இறக்கி, பெற்ற பெண்ணை அழைத்துப்போகிறோம் என்று தெருவுக்கே சொல்லிக் கூட்டிவந்துவிட்டார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் நாலாக் கரை மாரியம்மன் முன்னால் தாலி கட்டியாயிற்று. பவுனு வாயில் துணி அடைத்திருந்தது என்று செங்கம்மாள் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“எப்படித் தெரிஞ்சுதுன்னே வெளங்கலக்கா. நான் யாருகிட்டயும் சொல்லல. வெரலை ஒடிச்சப்பவே சொல்லல. டீச்சரம்மா கற்பூரத்தை அடிச்சு சத்தியம் பண்ணுது, மூச்சு விடலன்னு. ரெண்டு நாளா நெனச்சு நெனச்சுப் பாத்தேன். அவருகிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

நான் துடைத்துவைத்த டம்ளரையே மறுபடி எடுத்துத் துடைத்தேன்.

“தெனமும் வெலாசம் வேற சொன்னேன். சந்து, மாடி எல்லாம். நானே எடத்தைக் காட்டிக் குடுத்துட்டேன்.”

“அப்படிச் சொல்லக் கூடாது, செங்கம்மா.”

“வேற எப்படிச் சொல்றது? அவரு அப்பா மாதிரின்னு நீதானே சொன்ன. அப்பன் அப்பன்கிட்டதானே போயிச் சொல்லுவான். பெரியண்ணனும் அப்பன்தானே. ஆம்பளையும் ஆம்பளையும் சேந்துக்கிட்டாங்க. இதுல நான் யாரு?”

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்குப் போட்டு விடை வந்துவிட்ட மாதிரி இருந்தது முகம். அந்த விடை தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். அவர் இல்லை, நான் என்று சொன்னால் போதும். அவள் என்னைக் காறித் துப்பியிருப்பாள், வேலையை விட்டிருப்பாள், குடிசைகள் முழுக்கச் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் அவளுக்கு மிஞ்சியிருப்பார். இதெல்லாம் அந்த நிமிஷத்திலேயே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான், “எல்லாம் அவர் சித்தம். நமக்கு இப்ப புரியாது” என்றேன்.

“புரியுதுக்கா” என்றாள். ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, ஸ்டோர் பக்கம் திரும்பாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ பெரிய காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நிஜமான காரணம் சின்னது. காலையில் என் கதவைத் தட்டுகிறவள் அவள் ஒருத்திதான். அவள் போய்விட்டால் யாரும் தட்ட மாட்டார்கள். அதற்காக அவரைப் பலி கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை மிசஸ் பாக்கியமுத்து வீட்டில் டீயோடு லட்டும் வந்தது. “கோவிந்தம்மா அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சாம்” என்றார். கோவிந்தம்மாள் தட்டை என் முன்னால் நீட்டி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. போன வாரம் ஜெபித்தோமே, அந்தப் பிள்ளை விஷயம் என்ன ஆயிற்று என்று யாரோ ஞாபகமாக விசாரித்தார்கள். அவளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்றேன்.

“நல்லபடியா முடிஞ்சுதா? ஸ்தோத்திரம்! எவ்வளவு சீக்கிரம் பதில் கொடுத்துட்டார் பாருங்க!”

கேட்கப்பட்ட ஜெபங்கள் என்று மிசஸ் பாக்கியமுத்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதில் தேதி போட்டு எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது, செங்கம்மாள் என்கிற சகோதரி விசுவாசத்தில் பின்வாங்கிப் போய்விட்டாள், அவளுக்காக ஜெபியுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் உருக்கமாக ஜெபித்தார்கள்.

அதற்குப்பிறகு ஏழு வருஷம் செங்கம்மாள் என் வீட்டில் வேலை செய்தாள். குளிருக்கு ரஜாயை எடுக்க ஸ்டோருக்குள் போவாள். அப்போது கதவு தானாகச் சாத்திக்கொண்டால் பயந்தவள் போலச் சட்டென்று காலை நீட்டித் தடுப்பாள். நான் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் அந்த அறைப் பக்கமே வர மாட்டாள், முடிந்ததா என்று வெளியே நின்று கேட்பாள். என்னிடம் பேச்சு குறையவில்லை. விலைவாசி பேசுவாள், சப்ஜிக்காரனைத் திட்டுவாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் என் தலைமாட்டிலேயே இருந்து கஞ்சி கொடுத்தாள். அவளுக்கு என் மேல் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. அந்தக் கஞ்சி எப்படித் தொண்டையில் இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

பவுனுவை இரண்டு முறை பார்த்தேன். முதல்முறை, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவளுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்க வந்தாள். வாய் ஓரத்தில் ஒரு பல் இல்லை. பதினாறு வயது. இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில், முதல் பிரசவம், குழந்தை செத்துப் பிறந்திருந்தது. எண்பத்து நான்கில் ஒரு பெண் பிறந்து தங்கியது. அந்தக் குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது பவுனு செத்துப்போனாள். என்ன நோய் என்று செங்கம்மாள் சொல்லவில்லை. பேத்தியைத் தன் குடிசைக்குத் தூக்கிவந்துவிட்டாள். பெண் குழந்தைதானே என்று ஜம்புவும் விட்டுவிட்டான். இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்கு வருவாள். குட்டி, குட்டி என்றுதான் கூப்பிடுவாள். அது என் வீட்டுச் சமையலறையில் கவிழ்த்த பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருக்கும்.

எண்பத்தேழு ஜூனில் எனக்கு மெட்ராசுக்கு மாற்றல் வந்தது. கடைசி நாள், சாமான் கட்டுவதற்குச் செங்கம்மாள் வந்திருந்தாள். லூ என்கிற அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டோரைக் காலி செய்து, டிரங்குப் பெட்டிக்குக் கயிறு சுற்றினாள். முறிந்து கோணலாகக் கூடிய விரல்களால் முடிச்சு சரியாக விழவில்லை, பல்லால் இழுத்தாள். குட்டி வெறும் அரிசி டின்னுக்குள் தலையை விட்டுக் கத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. இனிமேல் இந்தக் கதவை யாரும் தட்டப்போவதில்லை, எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“குட்டிக்கு என்ன பேரு வச்சிருக்க, இத்தன நாளா சொல்லவே இல்லியே? சொல்லு. ஊருக்குப் போனாலும் தெனமும் ஜெபத்துல அவ பேரைச் சொல்லிக் கேக்கேன்.”

செங்கம்மாள் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முந்தானையால் அதன் முகத்தை மூடினாள்.

“வேணாம்க்கா. பேரைச் சொல்லிட்டா அவருக்கு அடையாளம் தெரிஞ்சுபோயிடும். இந்தக் குட்டி ஒண்ணு இருக்கறதே இன்னும் அவருக்குத் தெரியாது.”